ஜானவாசக் காரின் பாயிண்டைக் கழற்றிய கதை

போன மாதம் கொட்டிவாக்கத்தில், கடற்கரைச் சாலை ஓரமாக, பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடினார்கள். ரிட்டயர் ஆன கார் எலக்ட்ரீஷியன் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். காபி நன்றாக இருந்தது. பேச்சுதான் சகிக்கவில்லை.

பாலிஷ் போட்ட ஒரு பியட்டின் சொந்தக்காரர் என்னைத் தனியாக அழைத்துப்போய், வங்கி லாக்கரிலிருந்து எடுத்துவந்த நகையைக் காட்டுவதுபோல ஒரு சின்ன அட்டைப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு செட் பாயிண்ட். வெளிநாட்டிலிருந்து வரவழைத்ததாம்.

"சார், இந்த வண்டில யாரோ எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுக் கெடுத்து வெச்சிருக்காங்க. அத எடுத்துட்டு இத மாட்டித் தரணும். அந்தப் பழைய ஃபீல் வரணும்."

"எந்த ஃபீல்? நடு ரோட்டுல எறங்கித் தள்ளுவாங்களே, அந்த ஃபீலா?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவருக்கும் அவரைப்போன்றவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். பாயிண்ட் என்பது பாரம்பரியம் அல்ல. அது ஒரு தலைவலி. அதை என் கையால் ஆயிரம் வண்டிகளில் மாற்றியவன் சொல்கிறேன், அதன்மேல் எனக்கு ஒரு பாசமும் கிடையாது.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பெட்ரோல் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் சரியான நொடியில் ஒரு தீப்பொறி வேண்டும். பழைய வண்டிகளில் அந்த நொடியைத் தீர்மானிப்பவை டிஸ்ட்ரிபியூட்டர் என்கிற கிண்ணத்துக்குள் இருக்கும் இரண்டு உலோகப் பொட்டுகள். அவை ஒட்டும், பிரியும். பிரிகிறபோது காயிலிலிருந்து பொறி கிளம்பும். இந்தப் பொட்டுகள்தான் பாயிண்ட். ஒட்டிப் பிரிந்து ஒட்டிப் பிரிந்து தேயும், கருகும், குழி விழும். இடைவெளி மாறும். மாறினால் வண்டி இருமும். எலக்ட்ரானிக்கில் இந்தப் பொட்டுகள் இல்லை. ஒரு காந்தம் சுற்றும், ஒரு கறுப்புப் பெட்டி அதைப் பார்த்துப் பொறியைக் கிளப்பும். உரசல் இல்லை, அதனால் தேய்மானமும் இல்லை. இதில் எது நல்லது என்று ஒரு கூட்டம் போட்டுப் பேச வேண்டுமா?

நான் வேலைக்குச் சேர்ந்தது மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் இருந்த பட்டறையில். படிப்பு ஏறவில்லை, கையில் ஸ்பேனர் ஏறியது. முதல் சில வருடங்கள் அடி, திட்டு, டீ வாங்குவது. அதை விவரித்துக் கண்ணீர் வரவழைக்க எனக்கு விருப்பமில்லை. எல்லாப் பட்டறையிலும் அதுதான்.

முதலாளி பெயர் சபாபதி. அவர் உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. சாதாரணமாக எல்லாரையும் "டேய்" என்பார், வக்கீலாக இருந்தாலும் "இன்னாப்பா" என்பார். ஆனால் யாரையாவது "சார்" என்று கூப்பிட்டால் கோபத்தின் உச்சத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். "கோவிந்து சார், இந்த ஸ்க்ரூவ நீங்கதான் டைட் பண்ணீங்களா சார்" என்று அவர் என்னைக் கேட்டால், அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது.

நின்றுபோன வண்டி வந்தால் அவர் பானெட்டைத் திறக்கவிடமாட்டார். முதலில் மூன்று கேள்வி. எங்கே நின்றது, எப்போது நின்றது, நின்றபோது என்ன செய்துகொண்டிருந்தாய். பதில் வராமல் ஸ்பேனரைத் தொட்டால் கையிலேயே தட்டுவார்.

பாயிண்ட் வைப்பதற்கும் அவரிடம் ஒரு முறை உண்டு. டிஸ்ட்ரிபியூட்டரின் கேப்பைக் கழற்று. அதற்குள் சுற்றும் ரோட்டாரை எடு. ஃபேன் பெல்ட்டைப் பிடித்து எஞ்சினைக் கையால் சுற்று. பாயிண்ட் முழுதாகத் திறந்து நிற்கும் இடத்தில் நிறுத்து. ஸ்க்ரூவைத் தளர்த்தி, இடைவெளியில் அளவுத் தகட்டை விடு. "தகடு போவணும். ஆனா மாமியார் ஊட்டுக்குப் போற பொண்ணு மாரி, மனசில்லாம போவணும்" என்பார். அப்புறம் ஸ்க்ரூவை இறுக்கு. இறுக்கும்போது அளவு மாறிவிடும், மறுபடி தளர்த்து. அப்புறம் ஒரு சின்ன பல்பின் ஒரு வயரைக் காயிலிலும் இன்னொன்றை பாடியிலும் வைத்து, டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பு. பல்பு எரிகிற இடம்தான் டைமிங். குனிந்தபடி இவ்வளவும் செய்து முடித்து நிமிர்ந்தால் முதுகு விரியாது. நாலு மாதத்தில் அதே வண்டி திரும்பி வரும். இதைத்தான் பழைய ஃபீல் என்கிறார் பியட்காரர்.

மயிலாப்பூரில் ஒரு மிருதங்க வித்வான் எங்கள் வாடிக்கை. அவர் வண்டி பாண்டி பஜாரில் சூடானால் மட்டும் தடுமாறும். பட்டறைக்கு வந்தால் ஒழுங்காக ஓடும். ஒருநாள் என்னை ஏற்றிக்கொண்டு பாண்டி பஜார் நெரிசலில் மூன்று சுற்றுச் சுற்றினார். ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே வந்தவர் திடீரென்று, "கேக்கறதா? நாலுல ஒண்ணைக் காணோம். இப்ப வந்துடுத்து. மறுபடி காணோம். இந்தத் தாளத்துக்கு யார்றா வாசிப்பா?" என்றார். பாயிண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்டென்சர் சூட்டில் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது. அங்கேயே புடவைக் கடை வாசலில் மாற்றினேன். மூன்று பேர் ஹாரன் அடித்தார்கள், ஒருவர் என் அம்மாவை விசாரித்தார்.

தொண்ணூறுகளில் நல்ல பாயிண்ட் கிடைப்பதே அரிதாகிவிட்டது. வந்ததெல்லாம் டூப்ளிகேட். மாட்டிய வாரமே தேயும். வாடிக்கைக்காரர்கள் எங்களைத்தான் திட்டினார்கள். அந்தச் சமயத்தில் தி.நகரில் ஸ்டெபிலைசர் செய்துகொண்டிருந்த ஒருவர் கறுப்புப் பெட்டி செய்து கொண்டுவந்தார். சபாபதி அதை நம்பவில்லை. எங்கள் பட்டறை அம்பாசிடரில் மாட்டி, மழையில் ஓட்டி, வெயிலில் பானெட்டை மூடி வைத்து, பெட்டியின்மேல் டீயைக் கொட்டி, இரண்டு மாதம் கொடுமைப்படுத்தினார். பெட்டி சாகவில்லை. "டேய், இது நம்மள விடத் திமிர் புடிச்சது. மாட்டலாம்" என்றார்.

இந்த நேரத்தில்தான் சூசை வந்தான்.

சூசை சாந்தோம் குப்பத்துக்காரன். அப்பா, அண்ணன் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவனுக்கு அலையில் வாந்தி வரும். அதனால் கரையிலேயே பிழைக்க ஒரு வழி பிடித்தான். கூரை மடங்கும் ஒரு பழைய பிரிட்டிஷ் கார். சர்ச்சில் கல்யாணம் என்றால் பெண்ணை ஏற்றுவான். மயிலாப்பூரில் கல்யாணம் என்றால் ஜானவாசத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றுவான்.

ஜானவாசம் என்பது கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளையை ஊர்வலமாக மண்டபத்துக்கு அழைத்து வருவது. பெண் வீட்டார் வாங்கிக்கொடுத்த கோட்டு சூட்டை மாட்டிக்கொண்டு அந்த ஆள் திறந்த காரில் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டு வீட்டுக் குழந்தைகளும் அவர்மேல் ஏறி மிதிக்கும். முன்னால் நாதஸ்வரம், இரண்டு பக்கமும் காஸ் லைட். கார் நடக்கிற வேகத்தில் போக வேண்டும். நாதஸ்வரக்காரர் முச்சந்தியில் நின்று ஒரு ராகத்தை இழுத்தால் காரும் நிற்க வேண்டும். எஞ்சின் மட்டும் ஓட வேண்டும். ஒரு எஞ்சினை அவமானப்படுத்த இதைவிட நல்ல வழி கிடையாது.

சூசையின் கார் வழியில் நின்றுவிடும். எல்லாத் தடவையும் இல்லை, ஆனால் மறக்க முடியாத அளவுக்கு. நாங்கள் ஒவ்வொரு தடவையும் திறந்து பார்ப்போம், பாயிண்ட் கருகியிருக்கும், மாற்றுவோம். கடைசியாக நின்றபோது மாப்பிள்ளை இறங்கி நடந்தே மண்டபத்துக்குப் போனார். மாப்பிள்ளையின் அத்தை இதை அபசகுனம் என்று சொல்லி அழுதிருக்கிறாள். கல்யாண கான்ட்ராக்டர் பஞ்சு மாமாதான் சூசைக்கு மயிலாப்பூர் வேலை எல்லாவற்றையும் கொடுப்பவர். அவர் பட்டறைக்கே வந்துவிட்டார்.

"இந்தா சூசை, கேட்டுக்கோ. மாப்பிள்ளை இன்னொரு தரம் எறங்கி நடந்தார்னா, உன் வண்டி மாட வீதிப் பக்கமே வரப்படாது. தி.நகர்ல ஒருத்தன் பெரிய அமெரிக்கக் கார் வெச்சுண்டு என் பின்னாலயே சுத்தறான்."

அவர் போனதும் சூசை சபாபதியிடம் சொன்னான்: "நைனா, இந்த வண்டி பூட்ச்சுனா நான் கடலுக்குத்தான் போவணும். கடலு என்னிய வேணான்னுது. ஏதுனா பண்ணு."

பாயிண்டைத் தூக்கிவிட்டுப் பெட்டி போடுவது என்று முடிவானது. இதில் ஒரு சிக்கல். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகளில் பேட்டரியின் பிளஸ்தான் பாடியில் சேர்ந்திருக்கும். பெட்டிக்கு மைனஸ் சேர்ந்திருக்க வேண்டும். கவனிக்காமல் மாட்டினால் சுவிட்சைப் போட்ட நொடியில் பெட்டி புகைந்துவிடும். பேட்டரியைத் திருப்பி வைத்தோம். ஆம்பியர் மீட்டரின் வயரையும் காயிலின் வயரையும் மாற்றினோம். டைனமோவுக்கும் புதுத் திசையைச் சொல்ல வேண்டும். பேட்டரியிலிருந்து ஒரு வயரை அதன் முனையில் ஒரு தொடு தொட்டு எடுக்க வேண்டும், அவ்வளவுதான். சபாபதி அதை என்னிடம் விடாமல் தானே தொட்டார். சின்னதாக ஒரு பொறி. "மதம் மாத்தியாச்சு" என்றார். சூசை சிலுவை போட்டுக்கொண்டான்.

வண்டி ஒரே இழுப்பில் கிளம்பியது. கொட்டிவாக்கம் வரை போய் வந்தோம். இருமல் இல்லை, தும்மல் இல்லை. பட்டறை வாசலில் பாதி நாள் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டோம், அசையவில்லை.

அடுத்த ஜானவாசத்தில் வடக்கு மாட வீதியில் பட்டென்று நின்றது.

பழைய மாதிரி இருமிக்கொண்டே நிற்கவில்லை. பாடிக்கொண்டிருக்கும் ரேடியோவைப் பிடுங்கினதுபோல நின்றது. நல்லவேளை, மண்டபம் கூப்பிடு தூரம். நாலு பையன்கள் மாப்பிள்ளையை உட்காரவைத்தே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். இறங்கி நடக்கவில்லை என்பதால் பஞ்சு மாமா இதைக் கணக்கில் சேர்க்கவில்லை. மறுநாள் காலை வண்டி சமர்த்தாக ஸ்டார்ட் ஆகிப் பட்டறைக்கு வந்தது.

எல்லாரும் பெட்டியைத் திட்டினார்கள். நானும் திட்டினேன். சபாபதி திட்டவில்லை. சூசையை உட்காரவைத்து மூன்று கேள்வியைக் கேட்டார்.

"எங்க நின்னுது?"

"மாட வீதில."

"எப்ப?"

"கெளம்பி முக்காவாசி தூரம் வந்துட்டு."

"நிக்கறப்ப இன்னா பண்ணிக்கினு இருந்தே?"

"ஒண்ணியும் பண்லபா. சும்மா ஓட்டிக்கினு இருந்தேன்."

"பட்டறையில நிக்காத வண்டிய பட்டறையில பாத்து இன்னா பிரயோஜனம்? அடுத்த ஊர்வலத்துல கோவிந்து வண்டில குந்தட்டும்" என்றார் சபாபதி.

அப்படித்தான் நான் ஒரு பிராமணக் கல்யாணத்தின் ஜானவாசக் காரில், முன் சீட்டில், முழங்காலுக்கு நடுவே ஒரு வோல்ட் மீட்டரை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். சபாபதி காருக்குப் பக்கத்தில் நடந்து வந்தார். பெண்ணின் அப்பா என்னைப் பார்த்துவிட்டு சூசையிடம், "யாரு இவர், மாப்பிள்ளைக்குச் சித்தப்பாவா?" என்று கேட்டார்.

"டாக்டரு சாமி. வண்டிக்கு" என்றான் சூசை.

புறப்படும்போது மீட்டரின் முள் பன்னிரண்டுக்கு மேல் நின்றது. எஞ்சின் தேன் மாதிரி ஓடியது. அப்போது காருக்குப் பூ ஜோடிக்கிற ஆள் என் முழங்காலுக்குக் கீழே கையை விட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் இரண்டு வயரைச் செருகினான். முன்னால் வைத்திருந்த பூ வளைவில் பல்புகள் எரிந்தன. பெண்ணின் பெயரும் மாப்பிள்ளையின் பெயரும் முழ உயர எழுத்தில், நடுவில் ஒரு இதயம். முள் சட்டென்று கீழே இறங்கியது.

"சூசை, இது எப்பலேர்ந்து?"

"எது, லைட்டா? அது எப்பவும் கீறதுதான. முன்னாடி ஜெனரேட்டர் வண்டிலேர்ந்து வயர் இழுப்பானுங்க, ஜனங்க கால்ல மாட்டிக்கினு உழுவாங்க. அதான் நம்ம பேட்டரில குடுத்துட்டோம்."

"சபாபதி கேட்டப்ப ஒண்ணும் பண்லன்னு சொன்னியே."

"நான் இன்னா பண்ணேன்? நான் ஓட்டிக்கினு இருந்தேன். லைட்டு அவன் போட்டான்."

எனக்கு அவனை அங்கேயே மிதிக்க வேண்டும்போல இருந்தது. மடியில் ஒரு குழந்தை ஏறி உட்கார்ந்திருந்ததால் மிதிக்கவில்லை.

விஷயம் இதுதான். பழைய வண்டியில் இருப்பது டைனமோ. எஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான் அது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும். நடக்கிற வேகத்தில் ஒரு துளியும் ஏற்றாது. அவ்வளவு பல்பும் பேட்டரியைக் குடித்துக்கொண்டே வரும். மண்டபத்தில் ஜோடனையைப் பிரித்ததும் பேட்டரி இளைப்பாறிக்கொள்ளும், காலையில் ஸ்டார்ட் ஆகும், பட்டறைக்கு யோக்கியன் மாதிரி வந்து நிற்கும். பாயிண்ட் இருந்தவரை, வோல்ட் குறையக் குறைய நொண்டி நொண்டி ஓடி ஒருவழியாக நிற்கும். நாங்கள் திறந்து பார்ப்போம், பாயிண்ட் எப்போதும்போல் கருகியிருக்கும், பழியை அதன்மேல் போடுவோம். பாயிண்ட் நோயை மறைத்துக்கொண்டே ஓடியது. பெட்டி அப்படி நடிக்கவில்லை. ஒரு அளவுக்குக் கீழே போனால் வேலை செய்யமாட்டேன் என்று சொல்லிப் படுத்தது. அதனால்தான் நான் மீட்டரோடு உட்கார்ந்தேன். பியட்காரர் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

முள் இறங்கிக்கொண்டே வந்தது. மாட வீதி முனையில் நாதஸ்வரக்காரர் நின்று கண்ணை மூடிக்கொண்டார். அவர் கண்ணை மூடினால் சீக்கிரம் திறக்கமாட்டார். முள் பத்தைத் தொட்டது. எஞ்சின் ஒரு துடிப்பை விட்டது. சூசைக்கும் அது கேட்டது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தான். முன்னால் போய்க்கொண்டிருந்த பஞ்சு மாமா திரும்பிப் பார்த்தார்.

"லைட்ட புடுங்கணும்" என்றேன்.

பெண்ணின் அப்பா காரின் கதவைப் பிடித்துக்கொண்டார். "கைய வெக்காதீங்கோ. சொல்லிப் பண்ணின எழுத்து இது. மண்டபம் வரைக்கும் எரியணும்."

சபாபதி அவர் பக்கத்தில் போய், காதோடு பேசுகிற குரலில் சொன்னார்: "சார், எழுத்து எரிஞ்சா வண்டி நிக்கும் சார். வண்டி நின்னா மாப்பிள்ளை நடப்பாரு சார். எது வேணும்னு சீக்கிரம் சொல்லுங்க சார்."

நாலு சார். நான் அதற்குமுன் அவ்வளவு கேட்டதில்லை. பெண்ணின் அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் வயரைப் பிடுங்கிவிட்டேன்.

எழுத்து அணைந்தது. கூட்டம் "அடடா" என்றது. நாதஸ்வரக்காரர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். பெண்ணின் அப்பா என் பக்கம் திரும்பினார். "என் பொண்ணு பேரை அணைச்சுட்டேளே. இதுக்கு நன்னாயிருப்பேளா?"

பதில் பின் சீட்டிலிருந்து வந்தது. கோட்டுக்குள் வேர்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை, "மாமா, விடுங்கோ. அந்த வெளிச்சத்துல எனக்கு எதிர்ல யார் வராங்கறதே தெரியலை" என்றார். அன்று முழுவதும் அவர் பேசியது அந்த ஒன்றுதான். மாப்பிள்ளையே சொன்ன பிறகு மாமனார் என்ன பேச முடியும்? கதவிலிருந்து கையை எடுத்தார்.

முள் மெதுவாக மேலே வந்தது. காஸ் லைட் வெளிச்சத்தில் கார் நகர்ந்தது. மீதி வீதி முழுக்க எஞ்சின் ஒரு துடிப்பைக்கூட விடவில்லை. மண்டபத்து வாசலில் ஆரத்தி எடுத்தார்கள், மாப்பிள்ளை தானாக இறங்கினார், கூட்டம் உள்ளே போனது. சூசை எஞ்சினை அணைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

வண்டியை ஓரம் கட்ட வேண்டும் என்று மறுபடி ஸ்டார்ட்டரை இழுத்தான். ஸ்டார்ட்டர் முனகியது. அவ்வளவுதான். பேட்டரியில் ஒன்றும் மிச்சமில்லை. எஞ்சினைக் கையால் கிளப்புகிற ஹேண்டிலை முன்னால் போட்டுச் சுற்றினேன். மசியவில்லை. இந்த ஒரு இடத்தைப் பாயிண்ட் கட்சிக்காரர்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன். பாயிண்டாக இருந்திருந்தால் அந்தச் செத்த பேட்டரியிலும் ஹேண்டிலுக்குக் கிளம்பியிருக்கும்.

நான், சபாபதி, சூசை, ஜோடனைக்காரன் நாலு பேரும் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தோம். அப்போது பஞ்சு மாமா வெளியே வந்தார். சூசை தலையைக் குனிந்துகொண்டான். அவன் உதடு எதையோ முணுமுணுத்தது, ஜெபமாக இருக்கலாம்.

பஞ்சு மாமா காரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். காலியாக இருந்த பின் சீட்டைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை உள்ள போயாச்சு. அதுக்கப்பறம் ஆறதெல்லாம் என் கண்ணுல படாது" என்றார். "சூசை, வெள்ளிக்கிழமை தி.நகர்ல ஒண்ணு இருக்கு. சீக்கிரமா வந்துடு. பேரு கீரெல்லாம் எரியாதுன்னு நானே சொல்லிடறேன்."

"டிக்கில தனியா ஒரு பேட்டரி வெச்சா எரியும்" என்றார் சபாபதி, மூச்சு வாங்கிக்கொண்டே.

"அதை அப்பறம் பேசலாம்." பஞ்சு மாமா மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் வந்து காரின்மேல் கையை வைத்தார். "தள்ளுங்கோ. பின்னால காய்கறி வண்டி நிக்கறது."

தள்ளினோம்.